தெருவே கூடிக் கொடுத்த சளி

எங்கள் குழுவில் என்னைவிட நன்றாக இருமத் தெரிந்தவர் கிடையாது. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். நுரையீரலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் திருப்பதியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆராய்வது என் வேலை. அதற்கு அடிநெஞ்சிலிருந்து வரும் சளி வேண்டும். ஆனால் சளி கேட்டால் ஜனங்கள் எச்சிலைத் துப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடுவார்கள். அதனால் போகிற வீட்டிலெல்லாம் முகமூடியைக் கழற்றிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரு டப்பாவில் நானே இருமிக் காட்டுவேன். சில வாரங்களாக அந்த இருமல் ரொம்பவே களைகட்டியிருந்தது. தேர்ச்சி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்வேட்டிநகரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் மாந்தோப்புக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய நைனா, அண்ணன், தம்பி எல்லோருக்கும் காசநோய் வந்து குணமாகியிருந்தது. அதே வீட்டில் அதே காற்றை இழுத்துக்கொண்டிருந்த இவரை மட்டும் கிருமி தொடவே இல்லை. ஏன் என்று அவருடைய நுரையீரல்தான் சொல்ல வேண்டும். அவர் சளி கிடைக்காவிட்டால் என் ஆய்வு படுத்துவிடும்.

மனுஷனுக்கு இருமல் வந்தால்தானே! உப்புநீர் ஆவி கொடுத்தோம். சுகமாக இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டம்மா உதவி செய்வதாக நினைத்து மிளகாயை வறுத்தார். தெருவே இருமியது. எல்லோரையும்விடச் சத்தமாக நான் இருமினேன். அவர் மட்டும், "இன்னா கொழம்பு?" என்று விசாரித்தார்.

"காலையில எழுந்ததும் முயற்சி பண்ணுங்க. இந்தக் கோடு வரைக்கும் வேணும்" என்று புது டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால், கோடு வரை நிறைந்த டப்பாவைத் தாம்பாளத்தில் வைத்து அவர் மனைவி நீட்டினார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பரிசோதனையில் காசநோய்க் கிருமி ஏராளமாக இருந்தது. ஆய்வு போனால் போகட்டும், அந்த நல்ல மனிதருக்கு உடனே மாத்திரை தொடங்க வேண்டுமே என்று ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது அவுருது இல்ல டாக்டரம்மா," என்றார் மனைவி. "திருப்பதிலேர்ந்து இம்மாந் தொலவு வந்துக்கினு போய்க்கினு இருக்கீங்க. வெறுங்கையோட எப்பிடி அனுப்பறது? கங்கம்மாவுக்குக் கூழு ஊத்தறதுக்கு வூட்டுக்கு வூடு கேவுரு மாவு வாங்குவோமில்ல, அந்த மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி கோட்டுக்குக் கொண்ணாந்துட்டோம்."

அப்படியானால் அந்தத் தெருவில் யாரோ ஒருவர் நோயை வைத்துக்கொண்டு நடமாடுகிறார். கொடுத்தவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுத் தனித்தனி டப்பாவில் வாங்கிப் பரிசோதித்தோம். ஒருவருக்கும் கிருமி இல்லை.

"யாரையாவது விட்டுட்டீங்களா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

"உங்களத்தான்," என்றார் அந்த அம்மா. "நீங்க இருமிக் காட்டுன டப்பா இங்கியே கெடந்துச்சி. நல்லா கெட்டியா இருந்துச்சி, வீணாக்குவானேன்னு மொதல்ல அத்தத்தான் ஊத்தனேன்."

சிரித்தேன். சிரிப்பு இருமலாக மாறியது. அதை நிறுத்த என்னால் முடியவில்லை. என் உயிரைப் பற்றி அப்போது கவலை வரவில்லை. வீடு வீடாகப் போய் முகமூடியில்லாமல் இருமியவள் நான் என்பதுதான் கவலை. போன வீடுகளையெல்லாம் அன்றே எழுதிக் கொடுத்தேன். என் சக ஆய்வாளர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பத் திரும்பப் போய்ப் பரிசோதித்தார்கள். யாருக்கும் ஒட்டவில்லை என்று கடைசியாகத் தெரிந்த அன்றுதான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நான் மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து தினமும் காலையில் மாந்தோப்புக்காரர் போன் செய்து, "மாத்தர போட்டுக்கினீங்களா?" என்று கேட்பார். ஒரு நாள் ஒரு பை மாம்பழத்தோடு நேரிலேயே வந்துவிட்டார். வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

"பழம் துன்னுங்க, ஒடம்பு தேறும்," என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "எனுக்கு ஏன் வரலன்னு கேக்க வந்தீங்க. உங்களுக்கு ஏன் வந்துச்சின்னு நான் கேக்கலாமா?" என்றார்.

இத்தனை வருஷம் படித்ததையெல்லாம் திரட்டிப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

அவர் பதறி எழுந்தார். "டப்பா கொண்ணாரட்டுமா?"