உட்காரவைக்காத ஐந்து நிமிடம்

1. ஆடும் கதவு

எங்கள் மருத்துவமனையில் அந்த யூனிட்டைத் திறந்த அன்று கேக் வெட்டினார்கள். நான் கேக் சாப்பிட்டேன். கைதட்டவில்லை.

திருவனந்தபுரத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாகப் பிரசவ டாக்டராக இருந்தவன் நான். வீடு கரமனை. நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது, லேபர் வார்டை ஒட்டிய ஸ்டோர் ரூமை இடித்து, மிட்வைஃப் சிஸ்டர்களே பொறுப்பேற்று நடத்தும் பிரசவ யூனிட் ஒன்றை நிர்வாகம் தொடங்கியது. அங்கே காலைத் தூக்கிவைக்கும் டேபிள் கிடையாது. தாழ்வான கட்டில், வலி வரும்போது பிடித்துத் தொங்க உத்தரத்திலிருந்து ஒரு துணி, வெந்நீர் ஷவர். முக்கியமாக, வீட்டு ஆள் ஒருவர் கடைசிவரை கூட இருக்கலாம். எங்கள் லேபர் வார்டில் அதற்கு அனுமதி இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஓர் ஆடும் கதவு. ஆபத்து என்றால் அதைத் தள்ளிக்கொண்டு லேபர் வார்டுக்கு வந்துவிட வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

யாருக்கு எது என்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது. முன்பு சிசேரியன் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை, சுகர், பிரஷர் 140/90 தொட்டவர்கள், இவர்களுக்கெல்லாம் லேபர் வார்டு. மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தகுதி உண்டு என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து என்னுடையது.

யூனிட்டுக்குப் பொறுப்பு ஓமனா சிஸ்டர். என்னோடு லேபர் வார்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகப் பயிற்சி எடுத்து வந்தவர். தொடங்கிய சில மாதத்தில் ஒரு பெண்ணை அந்தக் கதவு வழியாகக் கொண்டுவரும்படி ஆயிற்று. குழந்தை இரண்டு நாள் சூடு கொடுக்கும் வார்மரில் இருந்து நன்றாகத் தேறியது. சிஸ்டர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு இறங்கியதை உரிய நேரத்தில் கண்டுபிடித்து உரிய நேரத்தில் கொண்டுவந்தார். அந்தக் கதவு வைத்ததே அதற்காகத்தான். ஆனால் எனக்குச் சொல்லிக்காட்ட ஒன்று கிடைத்துவிட்டது.

2. 142/90

இசக்கியம்மாள் வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். கணவர் சுடலைமுத்து ஆரியசாலையில் ஒரு பருப்பு மொத்தக் கடையில் மூட்டை இறக்குபவர். இரண்டாவது பிரசவம். எல்லாம் நார்மல். ஒன்பதாம் மாதத்தில் இருவரும் ஓ.பி.க்கு வந்தார்கள். ஓ.பி. இரண்டாம் மாடி. அந்த வாரம் லிஃப்ட் வேலை செய்யவில்லை.

"எங்கே வச்சுக்கறதா முடிவு பண்ணியிருக்கேம்மா?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கத்து ரூம்ல சார். ஓமனா சிஸ்டர் கூட்டிட்டுப் போய்க் காட்டுனாக. எங்கக்கா கூட இருக்கலாமாம்லா."

"லேபர் வார்டுக்கு என்ன குறைச்சல்?"

"குறை சொல்லல சார். மூத்தவன் பொறக்கயில ஊர்ப்பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில விடிஞ்சதுலருந்து மத்தியானம் வரைக்கும் ஒத்தையில கிடந்தேன். தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்ல. கத்துனேன்னு தொடையில ஒரு அடி அடிச்சாக. வலி மறந்துட்டு சார். அடி மறக்கல."

"ஆறு மாசமா இதையேதான் சொல்லுதா சார்," என்றார் சுடலைமுத்து. "நீங்க கையெழுத்தப் போட்டுட்டா என் காது ஆறும்."

"உங்க காதுக்காகத்தான் நான் பிள்ளை பெறுதேனாக்கும்," என்றாள்.

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் கையில் பட்டையைக் கட்டினேன். மாடி ஏறி வந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. 142/90.

ஐந்து நிமிடம் உட்காரவைத்துத்தான் பிரஷர் எடுக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் உட்காரவைத்து மறுபடி எடுக்க வேண்டும். இதைச் செய்யாததற்காக நான் திட்டிய ஜூனியர்கள் பலர். அன்று நான் அவளை உட்காரவைக்கவில்லை. கேஸ் ஷீட்டில் 142/90 என்று எழுதினேன்.

"பிரஷர் இருக்கும்மா. உனக்கு லேபர் வார்டுதான்."

அவள் முகம் மாறியது. ஆனால் கேட்டது இதைத்தான்: "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

குழந்தைக்கு ஆபத்து என்று ஒரு டாக்டர் கோடி காட்டிவிட்டால் போதும், எந்தத் தாயும் அதற்குமேல் வாதாட மாட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்து ஓமனா சிஸ்டர் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். 116/74, அதற்குக் கீழே 118/76. "அவளெ இருத்தீட்டு ரெண்டு பிராவசியம் எடுத்ததா சாரே," என்றார். உட்காரவைத்து இரண்டு முறை எடுத்திருக்கிறார்.

"நான் எடுத்தது ஷீட்டில் ஏறிவிட்டது சிஸ்டர். ஏதாவது ஆனால் பதில் சொல்வது நான்."

"இது சாருக்குப் பேடியோ, வாசியோ?" என்றார். பயமா, பிடிவாதமா என்று கேட்கிறார்.

நான் சீட்டை மேஜை டிராயரில் போட்டு மூடினேன். இப்போது சொல்கிறேன். இரண்டும்தான். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அந்த யூனிட்டிலிருந்து குழந்தையோடு வெளியே வரும் பெண்கள் ஓமனா சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது வணக்கம் மட்டும் சொல்வார்கள்.

3. இல்லாத மருந்து

பத்து நாளில் அவளுக்கு வலி எடுத்தது. அக்கா வள்ளியூரிலிருந்து வந்திருந்தாள். லேபர் வார்டு வாசலில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

நான் உள்ளே போனபோது காலை பதினோரு மணி. டியூட்டி சிஸ்டர்கள் நல்ல பிள்ளைகள். யாரும் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. ஆனால் ஐந்து டேபிளுக்கு இரண்டு பேர். அவர்கள் பேசிய மலையாளம் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. இடதுகையில் டிரிப். வலதுகையால் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தாள். "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடையில் இருந்தது ஒரு சுவர்தான்.

என் தமிழைக் கேட்டதும் கம்பியை விட்டுவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"சார், பிரஷர் இப்ப எவ்வளவு?"

சார்ட்டைப் பார்த்தேன். காலையிலிருந்து எடுத்தது எல்லாம் நார்மல். ஒன்றுகூட 120ஐத் தாண்டவில்லை.

"மருந்து கொடுத்திருக்கோம்மா. இப்போ குறைஞ்சிருக்கு," என்றேன்.

பிரஷருக்கு ஒரு மருந்தும் கொடுக்கவில்லை.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். என் ரெக்கார்டில் அது ஒரு நல்ல பிரசவம். டிஸ்சார்ஜ் அன்று சுடலைமுத்து என் காலைத் தொடக் குனிந்தார். "சார் கண்டுபிடிக்காட்டா என்ன ஆயிருக்குமோ," என்றாள் இசக்கியம்மாள். நான் தடுக்கவில்லை. காலைத் தொடுவதையும் சரி, அந்தப் பேச்சையும் சரி.

ஓய்வுபெற்ற அன்று டிராயரைக் காலி செய்யும்போது அந்தச் சீட்டு கிடைத்தது. பர்ஸில் வைத்துக்கொண்டேன். இசக்கியம்மாள் குடும்பம் எங்கே இருக்கிறது என்று தெரியும். போகவில்லை.

4. கருவாடு

அந்தப் பிரசவம் நடந்து ஆறு வருடம் கழித்து, பெருங்காயம் வாங்க ஆரியசாலைக்குப் போயிருந்தேன். "சார், தெரியுதா?" என்று ஒரு குரல். இசக்கியம்மாள். அந்தக் குழந்தை இப்போது யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்து நின்றது. அவளுடைய மற்றொரு கையில் காகிதப் பொட்டலம்.

"மணக்கா சார்? நெத்திலிக் கருவாடு. நீங்கல்லாம் சாப்பிட மாட்டிய," என்று சிரித்தாள். "இது அவுகளுக்கும் பிள்ளையளுக்கும். நான்தான் விட்டாச்சே."

"ஏன்?"

"நல்லாருக்கே. பிரஷர்னு நீங்கதான சொன்னிய? அன்னையிலருந்து கருவாடு இல்ல, ஊறுகாய் இல்ல. கஞ்சிக்குக்கூட உப்பு இல்ல. அவுக சம்பளத்துல பாதி நாள் கஞ்சிதான், அதையும் சப்புன்னு குடிக்கேன். எங்க பாத்தாலும் நார்மல்ங்காக. உப்ப விட்டதால நிக்குது."

தெருவில் நின்றபடி சொல்ல முடியாது. பக்கத்தில் தெரிந்த மெடிக்கல் ஷாப் இருந்தது. அங்கே அவளை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தேன். "பேசாம இரும்மா" என்று சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் காத்திருந்தேன். 118/78. பிறகு பர்ஸிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்து, அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மருந்து விஷயத்தையும்.

அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லியா?"

"அன்னிக்கும் இல்லை. இன்னிக்கும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கோ, அது போதும்."

"எங்கக்கா அன்னிக்கு வாசல்ல கிடந்து அழுதா சார். என்ன விட்டுட்டோமேன்னு இன்னிக்கும் சொல்லுவா. அவகிட்ட நீங்களே சொல்லுங்க." போனைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள்.

சொன்னேன். முடித்ததும் அக்கா கேட்டாள்: "உள்ள இருந்து அவ கூப்பிட்டது எனக்குக் கேட்டுது. உங்களுக்குக் கேக்கலியா?"

"கேட்டது," என்றேன்.

பிறகு, "அவ உப்புப் போட்டுத் திங்கலாமா?"

"திங்கலாம்மா."

"போன அவகிட்ட குடுங்க."

இசக்கியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்துவிட்டது. அப்படியே சிரித்தாள். "இன்னிக்கே பொரிச்சுத் திங்கணுமாம்," என்றாள். கிளம்பும்போது மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாள்: "ஓமனா சிஸ்டர்கிட்ட சொல்லிட்டியளா?"

இல்லை. சொல்லவில்லை.

5. இரண்டாம் மாடி

இதை வாசிக்கும் இளம் டாக்டர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். எந்த இடம் நல்லது என்று சண்டை போடாதீர்கள். லேபர் வார்டு வேண்டியவளுக்கு லேபர் வார்டு உயிர். வேண்டாதவளுக்கு அந்த அடுத்த அறை போதும். கதவு இருவருக்குமாகத் திறந்திருக்கட்டும். முடிவு அவளுடையது. நம்முடைய வேலை, அவள் கையில் சரியான எண்ணைக் கொடுப்பது. நம் பயத்தை எண்ணாக எழுதிக் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். ஓமனா சிஸ்டர் இப்போது இரண்டாம் மாடியில் புதிய மிட்வைஃப்களுக்கு வகுப்பெடுக்கிறார். லிஃப்ட் வேலை செய்தது. நான் படியில் ஏறினேன்.

அறை வாசலில் நின்று மூச்சு வாங்க, "சிஸ்டர், அந்த இசக்கியம்மாள் கேஸ்..." என்று தொடங்கினேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஆதியம் அவிடெ இரிக்கு சாரே," என்றார். "அஞ்சு மினிட்டு கழிஞ்ஞு பறஞ்ஞா மதி." முதலில் உட்காருங்கள், ஐந்து நிமிடம் கழித்துச் சொன்னால் போதும் என்கிறார்.

உட்கார்ந்தேன்.