இமைக்காத இடது கண்

லொறி நல்லையா என்றால் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தெரியாதவர் இல்லை. கொழுந்து மூட்டையோ, பிள்ளைத்தாய்ச்சியோ, பிணமோ, எதை ஏற்றினாலும் அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பான் என்று பெயர். அந்தப் பெயர்தான் அவனை லயத்து ஒற்றை அறைக் காம்பிராவிலிருந்து கிளப்பி டிரைவர் வீட்டில் குடிவைத்தது. மனைவி இராக்கம்மாவுக்குத் சமைக்கத் தனிக் குசினியும் வாசலிலேயே தண்ணீர்க் குழாயும் கிடைத்தன. லயத்துப் பொதுப் பீலியில் தண்ணீருக்கு வாளியோடு வரிசை நின்ற காலத்தை அவள் மறந்தே போயிருந்தாள்.

ஆகவே, இடது கண்ணின் நரம்பு பட்டுப்போய்விட்டது, இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது, நல்லையா அதை வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. வெளிப் பார்வைக்குக் கண் பளிச்சென்றுதான் இருந்தது. ரோட்டின் இடது ஓரம் மட்டும் காணாமல் போயிருந்தது. அதைப் பிடிக்க அடிக்கடி கழுத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த வருஷம் சித்திரை லீவில் தோட்டத்துச் சனம் பயணம் போக வேண்டுமென்று நின்றது. பண்டாரவளைக்கு அப்பால் ஓய்வு பெற்ற ஒரு தோட்டத்துத் துரை, வலைக்கூரை போட்டு வண்ணத்துப்பூச்சி வளர்க்கிறாராம். லீவு நாளில் யாரும் போய்ப் பார்க்கலாமாம். "வண்ணத்துப்பூச்சித் தோட்டம்" என்று கணக்கப்பிள்ளை சிவஞானம் சொன்னதும் லொறிக்குள் கேலி தொடங்கிவிட்டது.

"அதுகளுக்கும் தோட்டமா? பெரட்டுக்குப் பேர் கூப்புடுறது எத்தன மணிக்குங்க?" என்றாள் வேலாயி.

"அதெல்லாம் ஒன்னைய மாதிரி இல்ல வேலாயி. கங்காணி கூப்புடுறதுக்கு முன்னாடியே பூவுல நிக்கும்" என்றார் சிவஞானம்.

"நிக்கும் நிக்கும். கொழுந்து நிறுக்கையில கிலோவக் கொறச்சு வெட்டுனா அதுவும் பறந்துரும்."

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த சிவஞானம் சிரித்துக்கொண்டே நல்லையாவின் பக்கம் திரும்பினார். "என்னப்பா, பத்து மைலா கழுத்தக் கோணிக்கிட்டே வர்ற? ரோட்டோரத்துல யாரத் தேடுற?"

"சுளுக்குங்கய்யா" என்றான் நல்லையா. ஸ்டீயரிங் வேர்வையில் வழுக்கியது. பின்னால் நிற்கும் அத்தனை பேரின் பேச்சும் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது.

வலைக்குள் போனதும் சனம் அண்ணாந்து பார்த்தது. நீலமும் மஞ்சளும் தலைக்குமேல் மிதந்தன. தேயிலையை விட்டால் வேறெதையும் இத்தனை உற்றுப் பார்க்காத பெண்கள், கைகளைக் கட்டிக்கொண்டு, தொட்டால் குற்றமோ என்பதுபோல் நின்றார்கள். நல்லையாவுக்கு வலப்பக்கம் வண்ணம் இருந்தது. இடப்பக்கம் ஒன்றும் இல்லை. பேசாமல் லொறியிலேயே படுத்திருக்கலாம் என்று நினைத்தான்.

திடீரென்று எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் அவனும் சிரித்துவைத்தான்.

"டிரைவரண்ணே, ஆடாம நில்லுங்க. தொப்பியில உக்காந்திருக்கு" என்றாள் வேலாயி. "ரெக்கைய எடது கண்ணுக்கு நேரா விசிறுது, மனுசன் கண்ணக்கூடச் சிமிட்டலையே. என்னா பொறுமை!"

இராக்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. பூச்சியை விரட்டுகிறவள்போல் கிட்டே வந்து உள்ளங்கையை அவனுடைய இடது கண்ணுக்கு நேரே வேகமாகக் கொண்டுவந்தாள். நல்லையா அதே சிரிப்போடு நின்றான். கை அங்கேயே நின்றது. கழுத்தைத் திருப்பிய பிறகுதான் அந்தக் கையைக் கண்டான். அதற்குப் பின்னால் அவளுடைய முகத்தையும்.

"எத்தன நாளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்."

"வீட்டுக்குப் போய்ச் சேரணுமில்ல."

திரும்புகையில், பின்னால் நின்றால் வாந்தி வருகிறதென்று சொல்லி இராக்கம்மா முன்னால் ஏறிக்கொண்டாள். சிவஞானம் பெருந்தன்மையாகப் பின்னால் போனார். மழை பிடித்துக்கொண்டது. பனிமூட்டம் கீழிருந்து ரோட்டுக்கு ஏறியது. பின்னால் யாரோ தகரத்தில் தட்டிப் பாட, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"வலப்பக்கம் ஒடிங்க" என்றாள் இராக்கம்மா. சிறிது தூரம் போனதும், "இன்னும்" என்றாள். ஒரு வளைவில் அவள் சொல்லவே இல்லை; அவனுடைய கையைத்தான் பிடித்தாள். இடது சக்கரம் எதையோ உரசி, மண் சரிந்து கீழே விழுகிற சத்தம் கேட்டது. பின்னால் பாட்டு நிற்கவில்லை.

"என்னைய லயத்துக்கே கூட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். "அந்தப் பீலியில தண்ணி புடிச்சவதான் நான்."

தெமோதரை ஸ்டேஷனுக்குப் பிரியும் இடத்தில் நல்லையா லொறியை ஓரங்கட்டினான். பிரேக் பிடிக்கவில்லை, எல்லோரும் ரயிலில் பதுளைக்குப் போய் பஸ் பிடியுங்கள் என்றான். முணுமுணுத்துக்கொண்டே சனம் இறங்கியது. "வண்ணத்துப்பூச்சி கண்ணு பட்டிருச்சு" என்று வேலாயி சொல்ல, மழையிலும் சிரித்துக்கொண்டு நடந்தார்கள்.

சிவஞானம் போகவில்லை. வாலிப வயதில் பதுளையில் லொறி ஓட்டியவர் அவர். ஏறி உட்கார்ந்து, கொஞ்ச தூரம் உருட்டி, பிரேக்கை மிதித்தார். லொறி நின்றது. மறுபடி உருட்டினார். நின்றது.

"நல்லாத்தானே புடிக்குது நல்லையா. குடிச்சிருக்கியா?"

குடித்தேன் என்று சொன்னால் ஒரு மாதச் சம்பளத்தை வெட்டுவதோடு போய்விடும், வேலை தங்கும். நல்லையாவுக்கு அது நன்றாகத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது.

"லொறிக்கு ஒண்ணுமில்லீங்கய்யா" என்றான். "எனக்கு எடது கண்ணு தெரியல. மாசிலேருந்து."

சிவஞானம் எஞ்சினை நிறுத்தினார். அவருடைய மகளும் பாட்டுப் பாடிய கூட்டத்தில்தான் இருந்தாள்.

"நம்ம தொரைகிட்ட நாளைக்கு நீயே சொல்லிடு" என்றார். "நான் சொன்னா அந்த ஆளு வேற மாதிரி எடுத்துக்குவாரு. நைட் வாச்சர் வேலைக்குக் கேட்டுப் பாக்குறேன். தருவாங்கன்னு சொல்ல மாட்டேன்." ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே, "வீட்டயும் விடச் சொல்லுவாங்க" என்றார்.

"தெரியுமுங்க."

ஈரமான முன் சீட்டில் சிவஞானத்துக்குப் பக்கத்தில் உட்கார நல்லையாவுக்கு மனம் ஒப்பவில்லை. இராக்கம்மாவோடு பின்னால் ஏறினான். அந்த லொறியின் பின்பக்கத்தில் அவன் அன்றைக்கு வரை பயணம் செய்ததில்லை. ஒவ்வொரு வளைவும் அங்கே பெரிதாக இருந்தது. சிவஞானம் வளைக்கும் இடமெல்லாம் அவனுக்குத் தாமதமாகவே பட்டது. வலது கால் பலகையை அழுத்தி அழுத்தி மிதித்தது.

இராக்கம்மா அதைப் பார்த்தாள். முந்தானையைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டு அவனுடைய முழங்காலில் கைவைத்து அழுத்தினாள். கால் நிற்கவில்லை. பசறை வரைக்கும் மிதித்துக்கொண்டே வந்தது.