ஆறு கட்டம் போட்ட எண்ணெய்ப் பாஸ்

பாஸ் விற்கிற ஜன்னலுக்கு வருகிறவன் பாஸ் கேட்க மாட்டான், "லாபமா?" என்றுதான் கேட்பான்.

எண்பதுகளில் ஒரு சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன். ஒகேனக்கல்லில் ஒரு லாட்ஜ். அதை ஒட்டி ஆற்றைப் பார்த்தபடி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே எண்ணெய் தேய்க்கிற பலகைகள். கொட்டகைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் நான். அதற்கு முன்னால் மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டியில் எடை போட்டவன். தராசு காட்டியதைச் சொல்லித்தான் பழக்கம். இந்த வேலைக்கு அது ஒத்து வராது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சீட்டுக் கிழிக்கிற ஜன்னலில் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்கள் இதைப் படிக்கலாம். மற்றவர்கள் படித்துவிட்டு என்னிடம் விளக்கம் கேட்கக் கூடாது.

கப்பலில் வந்த யோசனை

முதலாளி சேலத்துக்காரர். ஒரு தடவை கப்பலில் சிங்கப்பூர் போய் வந்தார். கப்பலில் நீராவிக் குளியல், உடம்பு பிடித்துவிடுவது எல்லாம் உண்டாம். தினமும் போகலாம் என்று ஒரு பாஸ் விற்றிருக்கிறார்கள். இவரும் வாங்கியிருக்கிறார். வாங்கிய மறுநாள் கடல் கொந்தளித்தது. கரை சேரும்வரை வாளியைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தாராம். பாஸில் ஒரு நாள்கூடப் போகவில்லை.

வேறு ஆளாக இருந்தால் காசு போச்சே என்று அழுவான். இவர் அதில் தொழில் கற்றுக்கொண்டு வந்தார். மஞ்சள் அட்டை அச்சடித்தார். மூன்று நாள், நாளுக்கு இரண்டு தடவை எண்ணெய் தேய்ப்பு, பிறகு வெந்நீர், சீயக்காய். அட்டையில் ஆறு கட்டம். தேய்த்ததும் நான் ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போடவேண்டும். விலை நாலு தேய்ப்பின் விலை. "ஆறு தடவையும் வந்து உட்கார்ந்தா நமக்கு நஷ்டமுங்களே?" என்று கேட்டேன். முதலாளி என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"வாங்குனவன் வரக்கூடாதுய்யா. அதுக்குப் பேருதான் பாஸு."

மாதையனின் நிழல்

எண்ணெய் தேய்க்கிறவர்கள் ஐந்து பேர். மூத்தவன் மாதையன். மறைப்புக்குப் பின்னால் பெண்களுக்கு அவன் பெண்சாதி சின்னப்பொண்ணு. கொட்டகை வருவதற்கு முன்னால் இவர்கள் ஆற்றோரப் பாறையில் எண்ணெய்க் குப்பியை வைத்துக்கொண்டு ஆளுக்குக் காத்திருந்தவர்கள். சித்திரை வெயிலில் அந்தப் பாறையில் கால் வைத்துப் பாருங்கள், தெரியும். மாதையனுக்கு உள்ளங்கால் இரண்டும் வெடித்து வரப்பு மாதிரி இருக்கும். கொட்டகை வந்த பிறகுதான் புண் ஆறியது.

முதலாளி இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். கட்டத்தில் குறி விழுந்தால்தான் தேய்த்தவனுக்குக் கூலி. ஆடிப் பதினெட்டுக்குள் பாஸ் ஓடவில்லை என்றால் பலகைகளை எடுத்துவிட்டுக் கொட்டகையை வறுத்த மீன் கடைக்கு விட்டுவிடுவார். ஆக, முதலாளிக்குப் பாஸ் விற்க வேண்டும், ஆள் வரக்கூடாது. மாதையனுக்குப் பாஸும் விற்க வேண்டும், ஆளும் வர வேண்டும். நடுவில் நான். மாதையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. கட்டத்தை மட்டும் எண்ணினான்.

"ஆறு கட்டம் இருக்குதுங்க. நமக்கு நிழல் இருந்தா போதும்."

கிழமை பார்த்த தம்பதி

முதலாளி கப்பலில் ஒன்றை மறந்துவிட்டு வந்தார். கப்பல்காரனுக்குக் கிழமை கிடையாது. நமக்கு உண்டு. ஆணுக்குப் புதன், சனி. பெண்ணுக்குச் செவ்வாய், வெள்ளி. மற்ற நாளில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் யாரும் தேய்க்க மாட்டார்கள். எங்கள் பாஸோ தொடர்ந்து மூன்று நாள், வெள்ளியன்று வாங்கினால் வெள்ளி, சனி, ஞாயிறு.

ராசிபுரத்திலிருந்து ஒரு தம்பதி. ஆளுக்கு ஒரு பாஸ் என்று காசை நீட்டினார் கணவர். அந்த அம்மா கையைத் தட்டிவிட்டார். "எனக்கு வெள்ளி மட்டுந்தான். உங்களுக்குச் சனி மட்டுந்தான். ஆளுக்கு ஆறு கட்டம் எதுக்கு?" அவர் யோசித்தார். "அப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு." அந்த அம்மா விடவில்லை. எண்ணெய் தேய்த்த அன்றைக்கே மறுபடி யார் தேய்ப்பார்கள் என்றார். விரலை மடக்கினார். இரண்டு கட்டத்தில் நின்றது. ஒரு தடவைக்கான ஒற்றைச் சீட்டு இரண்டு வாங்கிக்கொண்டு என்னைத் திருடனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை கட்டம் யாருக்குங்க, பேய்க்கா?"

நாலு மணி பஸ்

வத்தல்மலையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். கையில் மூடி போட்ட ஒரு தூக்குப்போசி. லாபமா என்று கேட்கவே இல்லை. நேராகப் பாஸ் வாங்கினார். எனக்கே ஆச்சரியம். பிறகுதான் சொன்னார், நாலு மணிக்குப் பஸ்ஸாம். ஆறையும் இப்போதே தேய்த்துவிட வேண்டுமாம். "நாளைக்கு ரெண்டு, நாளான்னைக்கு ரெண்டுங்க" என்றேன். "காட்டுல ஆறு ஏரு ஓட்டணும்னா ஒரே நாள்ல ஓட்டறதில்லீங்களா?" என்றார். மாதையனுக்குக் கூலிதானே. சரி என்றான்.

முதல் தேய்ப்பில் மனுஷன் சிரித்தார். இரண்டாவதில் தூங்கினார். மூன்றாவதில் பலகையிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தார். தூக்கினால் மறுபடி வழுக்கினார். கெண்டை மீனைப் பிடிக்கிற மாதிரி இரண்டு பேர் கோணிச் சாக்கைப் போட்டுத்தான் பிடித்தார்கள். எழுந்து மணி கேட்டார். மூன்றரை. தூக்குப்போசியைத் திறந்து என் ஜன்னலில் வைத்தார்.

"மிச்சம் மூணு கட்டத்துக்கும் எண்ணெயாவே ஊத்துங்க, வூட்ல அவ தேய்ச்சுக்கட்டும்."

ஒரு பாஸ், ஆறு முதுகு

பெங்களூரிலிருந்து ஆறு வாலிபர்கள். தலைக்கு ஒரு கணக்காகப் பத்து நிமிஷம் சண்டை போட்டார்கள். பிறகு ஒரே ஒரு பாஸ் வாங்கினார்கள். ஒருவன் மட்டும் தேய்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். ஆறு பேரும் சட்டையைக் கழற்றி வரிசையாகப் படுத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கட்டமாம். நான் கத்தினேன். மாதையன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அவனுக்கு ஆறு கூலி. தலைவன் மாதிரி இருந்தவன் குப்புறப் படுத்தபடியே அட்டையை என்னிடம் நீட்டி, எங்கே என்பதற்குக் கன்னடத்தில் 'எல்லி' போட்டுக் கேட்டான்.

"ஏன் சுவாமி, ஒருத்தர்தான் வரணும்னு இதுல எல்லி எழுதியிருக்கு?"

நான் செய்த தப்பு

வாத்தியார் ஒருவர். ஜன்னலில் அரைமணி நேரம் நின்றார். பின்னால் இருந்தவர்கள் முனகினார்கள். "நாலு தடவை வந்தா அசல், அஞ்சாவது லாபம், இல்லீங்களா?" என்று என்னையே கேட்டார். எனக்குப் பொறுமை கிடையாது. "எப்ப ஊருக்குக் கெளம்பறீங்க?" என்றேன். "சாயங்காலம்." "அப்ப வேணாம். ஒரு சீட்டு வாங்கிட்டுப் போய்ப் படுங்க." அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பின்னால் நின்றவர்களுக்கும் சொல்லிவிட்டார். பதினோரு பேர் பாஸ் வாங்க நின்றவர்கள். ஒருவர்கூட வாங்கவில்லை.

உள்ளே மாதையன் கேட்டுக்கொண்டிருந்தான். மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்போது என் பக்கத்தில் உட்காரவில்லை. அது ஆனி மாதம். முதலாளி சொன்ன கெடுவுக்கு ஐந்து வாரம்கூட இல்லை. கை கழுவ எழுந்தபோது சொன்னான்.

"நீங்க நெழல்ல உக்காந்து வேணாம் வேணாம்னு சொன்னா, நான் பாறையில உக்காந்து வேகணுங்க."

நான் சொன்ன ஒரே பொய்

அன்றைக்கு ராத்திரி முடிவு பண்ணினேன். நாளையிலிருந்து யார் கேட்டாலும் லாபம்தான். விடிந்தது. முதலில் வந்து நின்றது எங்கள் மாதா கோவில் பங்குச் சாமியார். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் இல்லை, ஆனால் என் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர். வயதானவர், முட்டி வலி. "இது லாபமாப்பா?" என்றார்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு காலைப் பூசைக்கு அவர் கோவிலில் இருந்தாக வேண்டும். மூன்று நாள் இங்கே எப்படித் தங்குவார்? உள்ளே மாதையன் எண்ணெய் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான். அவன் காலை ஒரு தடவை பார்த்தேன். "லாபந்தான் சாமி" என்றேன். வாங்கினார். இரண்டு கட்டத்தில் குறி விழுந்தது. சாயங்காலம் பஸ்ஸுக்குப் புறப்படும்போது ஜன்னலுக்கு வந்தார். அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்து மிச்சம் நாலு கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"செஞ்ச பாவத்தச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவே இல்ல, அப்ப கட்டம் கட்டமா கேக்கறேன்."

ஆடிப் பதினெட்டு

அந்தப் பொய்யோடு என் வியாபாரம் முடிந்தது. மறுபடி வேணாம் என்றே சொன்னேன். சாமியார் கட்டத்தைத் தொட்டுக் காட்டியதை மாதையனும் பார்த்திருந்தான், சோற்றுக்கு மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆடிப் பதினெட்டு வந்தது. மேலே அணை திறந்து ஆற்றில் செந்தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போனது. அருவியில் குளிக்கக் கூடாது, பரிசல் கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். முதலாளி காரில் வந்தார். கூடவே மீன் கடைக்காரர், கையில் அளவு நாடா. பென்னாகரம் தாண்டி இறங்குகிற வளைவுகளில் கார் என்ன குலுக்குக் குலுக்கியதோ, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த முதலாளி அப்படியே நின்றுவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து அவரைக் கேள்விக்குறி மாதிரியே தூக்கி வந்து மாதையன் பலகையில் போட்டார்கள்.

மாதையன் குப்பியைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "மொதலாளி, அட்டையில குறி விழுந்தாத்தான் அவனுக்குக் கூலி. நீங்க போட்ட சட்டம்." "எனக்கேவாய்யா?" என்றார் குப்புறப் படுத்தபடி. "ஒரு தடவைக்குச் சீட்டா, பாஸா?" என்றேன். "எது லாபம்?" என்றார். நாலு மாதமாக ஊரெல்லாம் என்னிடம் கேட்டதை அவரும் கேட்டுவிட்டார். இடுப்பைப் பார்த்தேன். "மூணு நாளைக்குக் கார்ல உக்கார முடியாது. உங்களுக்குப் பாஸுதான்." தராசு காட்டியதைத்தான் சொன்னேன்.

மூன்று நாள், காலையும் சாயங்காலமும். மீன் கடைக்காரர் பலகையைச் சுற்றிச் சுற்றி நாடா பிடித்தார். "அடுப்பு இங்க வெக்கலாங்களா?" என்று கேட்டால் பலகையிலிருந்து ஒரு முனகல்தான் வரும். இரண்டாம் நாள், "கொஞ்சம் தள்ளி நில்லுய்யா, வெளிச்சத்த மறைக்காதே" என்று வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் முதலாளி எழுந்தார். நிமிர்ந்தார். இடுப்பை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். கொட்டகைக் கூரையைப் பார்த்தார். பிறகு மாதையனின் காலைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. மீன் கடைக்காரரிடம் சொன்னார்: "நீ பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேற எடம் பாருய்யா. இங்க எண்ணெ நாத்தம், மீனு போணியாவாது."

அட்டையை வாங்கி ஆறாவது கட்டத்தில் குறி போட்டேன். விற்ற பாஸ்களில் ஒரே ஆள் ஆறு கட்டமும் முடித்தது அது ஒன்றுதான். முதலாளிக்கு ஆசை விடவில்லை. ஜன்னலில் கையை ஊன்றி, "இன்னொரு பாஸ் போடுய்யா" என்றார். நான் அட்டைக்கட்டுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் அட்டையை உருவினேன். உள்ளேயிருந்து மாதையன் எண்ணெய்க் கையோடு ஓடி வந்து அதைப் பிடுங்கினான்.

"வேணாங்க மொதலாளி, நாளைக்கு வூட்டுக்குப் போறீங்க, வாங்கினா வீணு."

ஆகையால் எந்த ஊரில், எந்தக் கப்பலில், எந்தப் பாஸை உங்களிடம் நீட்டினாலும் விற்கிறவனிடம் லாபமா என்று கேட்காதீர்கள், உங்கள் இடுப்பைக் கேளுங்கள்.