முன்வரிசைக் குறட்டை

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பேக்கரியில் வேலை. ஊர் அடங்கும் நேரத்தில் மாவு பிசையக் கிளம்புவார். விடிந்து, ரொட்டியெல்லாம் வண்டியேறிய பிறகுதான் வீடு திரும்புவார். குளித்து, ஒரு வாய் சாப்பிட்டு, டேப் ரெக்கார்டரைத் தட்டிவிட்டுப் படுப்பார். எப்போதும் ஒரே கேசட்தான். வயலின் அம்மாவின் கச்சேரி. தெருவில் ஹாரன் அலறினாலும், மாடியில் யாராவது ஆணி அடித்தாலும் அது ஓடினால் போதும், மாமா தூங்கிவிடுவார். குறட்டை கேட்டதும் அக்கா வந்து நிறுத்தி, மறுநாளுக்காகக் கேசட்டை முதலுக்கே சுற்றி வைப்பாள்.

வயலின் அம்மா என்பது எங்கள் வீட்டில் வைத்த பெயர். அவர் வாசிப்பு என்றால் மாமாவுக்கு உயிர். கல்யாணமான புதிதில் தனக்குப் புடவை எடுப்பதற்கு முன்பே அந்தக் கேசட்டை வாங்கிவிட்டார் என்று அக்கா இன்னமும் சொல்லிக் காட்டுவாள். சும்மா ரசித்தாலாவது பரவாயில்லை. பேக்கரி ரேடியோவில் வேறு யாராவது வாசித்தால், மாவுக் கையை நீட்டிக்கொண்டு, "இதெல்லாம் ஒரு வாசிப்பா? எங்க வயலின் அம்மா கேசட்ல ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம், தெரியுமா?" என்று பீற்றிக்கொள்வார். கேட்டுக் கேட்டு அங்கே எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

அந்த அம்மா இனி மேடை ஏறப்போவதில்லை, நகரத்தில் நடப்பதுதான் கடைசிக் கச்சேரி என்று பேப்பரில் வந்தது. மாமா ஒற்றைக்காலில் நின்றார். "ஒரு தடவை நேர்ல கேட்டுட்டா போதும். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்." முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடியும் ஒரு ராத்திரிக்குத்தான் லீவு கிடைத்தது. அதனால் வேலை முடிந்த கையோடு அக்காவுடனும் என்னுடனும் பஸ் ஏறினார். பஸ்ஸிலும் கண் மூடவில்லை. நக இடுக்கில் இருந்த மாவை ஊசியால் சுரண்டிக்கொண்டே வந்தார். "அந்தம்மா கண்ணுல பட்டா அசிங்கம் மச்சான்" என்றார்.

மதியமே போய் வாசலில் நின்றதால் முன்வரிசையே கிடைத்தது. புதுச் சட்டையில், பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். வயலின் அம்மா மேடைக்கு வந்ததுமே மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதலில் இரண்டு வேகமான பாட்டு. அப்புறம், கேசட்டில் இருக்கும் அதே நிதானமான ராகம்.

"இதான்! இதான் மச்சான்!" என்று என் கையை அழுத்தினார்.

அவர் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த ராகம் காதில் விழுந்தால் தூங்க வேண்டும். அது மேடையைக் கண்டதா, டிக்கெட்டைக் கண்டதா? தலை சாய்ந்தது, குறட்டை கிளம்பியது. சாதாரணக் குறட்டையா அது? மாவு பிசையும் மெஷின் தோற்றுவிடும். நான் தொடையில் கிள்ளினேன். அக்கா விலாவில் இடித்தாள். மனிதர் அசையவில்லை. பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அரங்கத்து ஊழியர் ஒருவர் அவரை எழுப்ப வேகமாக வந்தார்.

வயலின் அம்மா வில்லை நிறுத்தாமலே, வேண்டாம் என்று ஊழியருக்குத் தலையசைத்தார். பிறகு சத்தத்தைக் குறைத்தார். மடியில் கிடக்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல, மாமாவைப் பார்த்தபடியே மெதுவாக வாசித்தார். சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள்.

கைதட்டலில் திடுக்கிட்டு விழித்த மாமா தானும் தட்டினார். வயலின் அம்மா உள்ளே போய்க்கொண்டிருந்தார். "முடிஞ்சிடுச்சா?" என்று மாமா கேட்டார். அக்கா பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

பஸ் நிலையத்தில்தான் அக்கா பொரிந்து தள்ளினாள். "குறட்டை விடறதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க? உங்க தூக்கம் கலையக் கூடாதுன்னு அந்தம்மா சத்தத்தைக் கொறைச்சு வாசிச்சாங்க. உங்களையே பாத்துக்கிட்டு!"

மாமா முகத்தில் ஈயாடவில்லை. "வாயத் தொறந்துக்கிட்டா இருந்தேன்?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் அக்கா. ஊர் வரும்வரை அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டே வந்தார்.

பேக்கரியில் கச்சேரியைப் பற்றிக் கேட்டவர்களிடம் "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாராம். வீட்டிலும் கேசட்டைத் தொடவில்லை. ஆணிச் சத்தத்தில் புரண்டு புரண்டு படுத்தார். பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் அக்காவே போட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

மாமா எழுந்து புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண் சொக்கியதும் எழுந்து நின்றுகொண்டார். அக்கா வழக்கமாக நிறுத்தும் இடம் தாண்டியது. அதற்கு மேல் எங்கள் மூன்று பேருக்குமே புதுசு. திடீரென்று கேசட்டில், கூட்டத்துக்கு நடுவே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. வயலின் கொஞ்சம் தயங்கியது. பிறகு சத்தம் குறைந்தது. குழந்தை அடங்கும்வரை அப்படியே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

மாமா அக்காவைப் பார்த்தார். "எனக்கும் இப்படித்தான் வாசிச்சாங்களா?"

அக்கா தலையாட்டினாள்.

"இத்தனை வருஷமா வீட்டுலயே இருந்திருக்கு. மனப்பாடம்னு வேற சொல்லிட்டுத் திரிஞ்சேனே" என்றார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். கேசட் முடிந்து தானாக நிற்கும்வரை உட்காரவே இல்லை.