ஜாயிண்டுக்குக் கீழே நின்றவர்

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. உறவுகளும் ஆலைக்காரர்களும் படிக்கும் அவருடைய நினைவு மலருக்காக இதை எழுதுகிறேன்.

அண்ணன் குன்னம் பக்கம் பருத்திக் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவர். எட்டாவதோடு படிப்பு நின்றது. அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலையில் சேர்ந்து, சுண்ணாம்புக்கல்லை மேலே ஏற்றிச் செல்லும் பெல்ட்டின் இரு முனைகளையும் ஒட்டி ஜாயிண்ட் போடும் மேஸ்திரி ஆனார். என்னையும் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டார்.

அந்த பெல்ட்டுக்கு உள்ளே நைலான் துணி, மேலே ரப்பர். இரண்டும் லேசில் ஒட்டாது. சொரசொரப்பாகத் தேய்த்து, அழுக்குப் போக்கும் மருந்தால் துடைத்து, சொல்யூஷன் என்கிற பசையைத் தடவிக் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று புறங்கையால்தான் தொடலாம். உள்ளங்கையின் எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடம் பிடிக்காது. "உள்ளங்கைய வூட்டுல வச்சுட்டு வாடா" என்பார்.

ஒரு நாள் உச்சி வெயிலில், எண்ணெய்த் தலையைக் கோதிவிட்டு எழுந்தவன் கால் வழுக்கி, சொல்யூஷன் தடவிய இடத்தில் முழு உள்ளங்கையையும் ஊன்றிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. சொன்னால் வேலை போகும். பெரியவள் அப்போது உங்கள் அம்மா வயிற்றில். வாயைத் திறக்காமல் மறு முனையை அதன்மேல் வைத்து ஒட்டிவிட்டேன்.

ஜாயிண்ட் இறுகியதும் பெல்ட் கல் இல்லாமல் வெறுமனே ஓடியது. அடுத்து கல் ஏறப்போகிறது. அண்ணன் வழக்கம்போல் பெல்ட்டுக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே, வெளிய வாங்க!"

"நான் போட்ட ஜாயிண்டுக்குக் கீழ நான் நிக்காம எவன்டா நிப்பான்?"

மேலே கல் உருண்டு வரும் சத்தம் கேட்டது. பாய்ந்து, பெல்ட்டை நிறுத்தும் கயிற்றை இழுத்தேன்.

"என் கை பட்டுடுச்சுண்ணே."

அண்ணன் என்னையே பார்த்தார். அதற்குள் இன்ஜினியர் கத்திக்கொண்டு வந்துவிட்டார்.

"என் கைதான் சார் பட்டுது. பிரிச்சுப் போட்டுடறேன்" என்றார் அண்ணன்.

பிரித்தபோது, அந்த இடம் மட்டும் வெந்த கிழங்குத் தோல்போல் தானாக உரிந்து வந்தது. ஐந்து விரலின் அச்சும் தெரிந்தது. கயிறு எனக்கு எட்டாமல் போவதாக இன்றும் கனவு வருகிறது.

அதன்பின் கல்யாண வீட்டில்கூட "கை வச்ச மேஸ்திரி வர்றாருடோய்" என்று கேலி செய்வார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே இலையில் உட்காருவார். நான் தலை குனிந்து சாப்பிடுவேன்.

அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது கண்விழித்துப் பார்த்த அண்ணிக்கும், கடைசியில் தோள் கொடுத்த ஆலைக்காரர்களுக்கும், குன்னத்து உறவுகளுக்கும் நன்றி சொல்கிறேன். கேலி செய்தவர்களே, நீங்களும் இதைப் படிப்பீர்கள்.

அன்று பட்டது அண்ணன் கை இல்லைங்க. என் கை.