ஏசிக்காரன் மேல் மூன்றாவது முறைப்பாடு

ஏசி திருத்துகிறவனுக்கு ஒரு விதி: அறை குளிரத் தொடங்கும்போது அவன் படியிறங்கிப் போய்விட வேண்டும். வேர்த்தபடி வந்து வேர்த்தபடியே போகிற என் சக தொழிலாளிகளே, எங்கள் வரவைப் பார்த்துப் பார்த்து வேர்க்கிற வீட்டுக்காரர்களே, கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. "மூன்று முறைப்பாடு வந்தால் வீடுகளுக்குப் போகிற வேலை உனக்கில்லை. இரத்மலானைப் பட்டறையிலேயே இருந்து பில்டர் கழுவு" என்று முதலாளி சொல்லியிருந்தார். நானும் மெதுவாகத் தலையாட்டியிருந்தேன்.

பொலித்தீன் உடுத்த ரிமோட்

முதலாவது முறைப்பாடு, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. வீட்டுக்காரி ஓய்வுபெற்ற ரீச்சர். ஏசியில் காற்று வருகிறது, குளிர் வரவில்லை. பில்டரைக் கழற்றினேன், வெளி மெஷினைத் திறந்தேன், இரண்டு மணித்தியாலம் போன பிறகு, "கொம்பிரசர் போயிட்டுது, ரீச்சர்" என்று பெரிய டொக்டர் மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். ரீச்சர் ரிமோட்டை எடுத்தார். வாங்கிய நாள் சுற்றிய பொலித்தீன் மஞ்சளாகி, திரையில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. உரித்துப் பார்த்தால், ஏசி வெறும் ஃபானில் நிற்கிறது! ஒரு பட்டனை அமத்தினார். செத்த கொம்பிரசர் எழும்பி ஓடியது.

"நான் படிப்பிச்சது சமய பாடம், தம்பி. நீர் என்ன படிச்சனீர்?"

மொட்டைமாடியில் மூன்றாவது

இரண்டாவது முறைப்பாட்டுக்கு நான் அதிகம் அலையவில்லை, பக்கத்து ஒழுங்கைதான். மொட்டைமாடியில் பத்து வெளி மெஷின்கள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் வீட்டு இலக்கம் இல்லை. பைப் போகிற திசையைப் பார்த்து, மூன்றாவதுதான் என்று நானே தீர்ப்புச் சொல்லி, கடற்காற்றின் உப்பெல்லாம் போக மினுக்கிக் கழுவினேன். கீழே வந்தால் வீட்டுக்கார அங்கிள் பேப்பரால் விசிறிக்கொண்டு இருக்கிறார்.

"பக்கத்து வீட்டுக்காரனோட மூண்டு வருசமா எனக்குக் கதை பேச்சில்லை. இப்ப நீர் வந்து அவன்ர அறையைக் குளிர வச்சிட்டுப் போறீர்!"

செபமாலைக்கு ஸ்வெட்டர்

மூன்றாவது, கொட்டாஞ்சேனையில். அங்கே கூரைக்குள் பெரிய மெஷின். அறைச் சூட்டைப் பார்த்து அதை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் ஹால் சுவரில். பூட்டியதும் நான்தான். பின்னேரம் ஆறரைக்குப் பிறகு மெஷின் நிற்கிறதே இல்லையாம். வீட்டுக்கார ஆன்ட்டியும் பிள்ளைகளும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செபமாலை சொல்கிறார்களாம். மூன்று முறை காலையில் போனேன். மூன்று முறையும் அது நல்ல பிள்ளை மாதிரி நின்று நின்று ஓடியது. ஆன்ட்டி முதலாளியின் நம்பரைத் தேடத் தொடங்கினார். "ஒரு பின்னேரம் மட்டும் பார்க்கவிடுங்கோ" என்று கெஞ்சினேன்.

அன்றைக்கே போனேன். ஆறரைக்கு ஆன்ட்டி, தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே தொங்கிய இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் தடித்த மெழுகுதிரியைக் கொளுத்தினார். அதன் சூடு நேரே மேலேறித் தெர்மோஸ்டாட்டில் பட்டது. வீடே எரிகிறதென்று நினைத்ததோ என்னவோ, மெஷின் உறுமத் தொடங்கியது. நான் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். தெர்மோஸ்டாட் பூட்டிய அன்று சுவரில் முதலாவது ஓட்டையைப் பிழையான இடத்தில் துளைத்துவிட்டு, "இதில ஒரு சாமிப் படம் மாட்டினால் வடிவா இருக்கும், ஆன்ட்டி" என்று பக்தியோடு சொன்னவன் நான். அவரும் நம்பி அறையில் இருந்த படத்தை அங்கே கொண்டுவந்திருக்கிறார்.

தெர்மோஸ்டாட் பழுது என்று சொல்லிப் புதிது பூட்டலாம், ஒருவருக்கும் தெரியவராது. ஆனால் அடுத்த பின்னேரமும் மெழுகுதிரி எரியுமே. செபமாலை முடிந்ததும் படத்தைத் தூக்கி ஓட்டையைக் காட்டினேன். ஆன்ட்டி ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்தார். பட்டறையில் பில்டர் கழுவுகிற வாளி என் கண்ணுக்குள் வந்துவிட்டது.

"ஹலோ, உங்க ஆள் இங்க தப்பையெல்லாம் ஒத்துக்கிட்டு முழுப் பாவசங்கீர்த்தனமும் பண்ணிட்டான். பரிகாரம் நாங்க குடுத்துக்கிறோம், நீங்க ஒண்ணும் குடுக்க வேணாம்."

ஆக, இந்தத் தொழிலில் நான் ஒருவருடைய உதவியும் இல்லாமல் சரியாகக் கண்டுபிடித்த முதல் பழுது நானேதான்.