பித்தளைக் குடம் கட்டிய மோட்டார்

பிற்பகல் மணி நாலேகாலுக்கு அந்தச் சத்தம் மாறியது. வண்ணார்பேட்டையில் எங்கள் வாசலைக் கடந்து ஆற்றுப் பாலத்தை நோக்கிப் போன என் மகனுடைய மோட்டார் காரைக் காதாலேயே பின்தொடர்ந்து கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு அவன் பேட்டையில் இருக்க வேண்டும். அங்கே ஒரு பண்ணையார் வீட்டு மாப்பிள்ளை அழைப்பு. வண்டி கனமாக, நிதானமாக முழங்கிக்கொண்டு போயிற்று. பாலத்தில் ஏறியிருப்பான் என்று நான் நினைத்த சமயத்தில், எதையோ தரையில் உருட்டிவிட்டது போல ஒரு சத்தம். உடனே வெடிமேல் வெடி. மாடுகள் கத்துவதும் ஆட்கள் கூவுவதும் கேட்டன. பிறகு மோட்டாரின் சத்தமே இல்லை.

இன்றைக்கும் தெருவில் யாராவது பட்டாசு கொளுத்தினால் வாசலுக்குப் போய்ப் பாலத்துப் பக்கம் பார்க்கிறேன்.

என் கணவர் காலமான பிறகு பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் உபாத்தியாயினியாக இருந்து மகனை வளர்த்தேன். அவன் மெட்ரிகுலேஷனை எட்டும் முன்பே படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை கற்றான். திரும்பி வரும்போது, தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துப்போட்ட பழைய வண்டியைத் தூத்துக்குடி வரைக்கும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தான். அவனுடைய சேமிப்பு, என்னுடைய சேமிப்பு எல்லாம் அதற்குள் போய்விட்டது. வண்டியை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்துக்கொள்வதாக எண்ணம்.

வண்டி நன்றாகவே ஓடியது. சத்தம்தான் சகிக்கவில்லை. புகைக்குழாயின் கடைசியில் சத்தத்தை அடக்குவதற்கென்று ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். எங்கள் வண்டியில் அது துருப்பிடித்து உள்ளுக்குள் உதிர்ந்திருந்தது. வண்டி லொக்கு லொக்கென்று இருமும், கொஞ்சம் மூச்சு வாங்கும், மறுபடியும் இருமும்.

"டீச்சரம்மா, மவன் வண்டிக்குச் சுக்குக் கஷாயம் வச்சுக் குடுங்க. நெஞ்சுச் சளி மாதிரில்லா கேக்குது" என்பார் எதிர்வீட்டுக்காரர். சிரிக்காமல் சொல்வார். அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

தெருக்காரர்கள் சிரித்ததை நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் வாடகைக்கு எடுக்க வருகிறவர்களும் காதைத்தான் தீட்டிக்கொண்டு வந்தார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு மோட்டார் பிடிப்பது அப்போதுதான் பெரிய வீடுகளில் ஒரு மோகமாகப் பரவியிருந்தது. மோட்டார் வருவது மூன்று தெருவுக்கு அப்பால் கேட்க வேண்டும், கேட்கும்போது கௌரவமாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஜமீன் வண்டி ஒன்று யானை மூச்சு விடுவது போலப் போகும். அதைக் கேட்டுப் பழகியவர்கள் எங்கள் வண்டியைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனார்கள்.

"வைகாசிக்குள்ள ஒரு கல்யாணமாவது அமையலைன்னா, பஸ்ராவுக்குப் பேர் குடுத்துருவேம்மா" என்று மகன் சொல்லிவிட்டான். "மோட்டார் ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு அங்கன பறக்குதாவ."

ஜெர்மன்காரனோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கடல் தாண்டி அரபு தேசத்துப் பஸ்ராப் பக்கம் பட்டாளத்துக்கு மோட்டார் ஓட்ட ஆள் சேர்ப்பதாகக் கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரிச் சுவரில் விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். எனக்கு இருப்பது அவன் ஒருவன். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து சத்தமாகப் பாடம் ஒப்பித்தாலே தலைவலி வருகிற நான், அந்த வண்டியின் சத்தம் நன்றாக வர வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நின்றேன். எங்கள் சபையில் வேறு யாரும் கர்த்தரிடம் அப்படி ஒரு விண்ணப்பம் வைத்திருக்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்து புதுப் பெட்டி வரவழைக்க எங்களுக்குச் சக்தியில்லை. வீட்டில் கிடப்பதை வைத்தே சரிசெய்கிறேன் என்று மகன் இறங்கினான். பழைய பெட்டியில் துளை போட்டான்; இருமல் போய்ச் சீழ்க்கை வந்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தைச் சுற்றிக் கட்டினான். சந்தைக்குப் பாத்திரம் ஏற்றிப் போகிற வண்டி போலக் கடகடத்தது. மூங்கிலைச் சொருகினான். அது பற்றிக்கொண்டது, என் கத்தரிச் செடிக்கு வைத்திருந்த தண்ணீரை எடுத்து ஊற்றி அணைத்தேன். அந்த வாரங்களில் கோழி முட்டையிடுவதை நிறுத்தியது. பால்காரி வாசலுக்கு வர மறுத்து, தெருமுனையில் நின்று கூப்பிட்டாள். எனக்கு எரிச்சல் பொங்கியது. ஆனால் நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை, நிறுத்தினால் பஸ்ரா.

ஒருநாள் அவன் அடுக்களைக்குள் வந்து என் கல்யாணச் சீர்க் குடத்தைத் தூக்கி, அதன் வாயில் தன் வாயை வைத்து "ஓ" என்றான். குரல் கனத்து வந்தது.

"அம்மா, இது வேணும்."

"தண்ணி எதுல எடுக்க?"

"மண்பானை இருக்குல்லா."

"வீட்டுல பித்தளைக் குடம்கூட இல்லைன்னு ஊர்ல சொல்ல மாட்டாவளா?"

"பஸ்ராவுல தண்ணியே கெடையாதாம்."

கொடுத்துவிட்டேன்.

பேட்டையில் ஒரு பாத்திரப் பட்டறைக்காரர் குடத்தின் அடியில் துளையிட்டு, புகைக்குழாயை அதில் நுழைத்து, சுற்றிலும் ஈயப்பற்று வைத்துக் கொடுத்தார். பித்தளையை உருக்கிப் பற்றவைத்தால் கூலி ஏறும். ஈயமே போதும் என்று மூவருமே நினைத்தோம். ஈயப்பற்று வைத்த குடத்தில் ஆயுசு முழுக்கத் தண்ணீர் எடுக்கிற வீடுகள்தான் எங்கும் உண்டே. தண்ணீர்க் குடம் சுடுவதில்லை, புகைக்குழாய் சுடும் என்பது எங்கள் ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

ஆனால் அந்தச் சத்தம் வந்தபோது, பொய் சொல்லக்கூடாது, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் சபைக் கோயிலில் ஆர்கனின் அடித்தொண்டை பேசுவது போல இருந்தது.

பேட்டைப் பண்ணையாரின் காரியஸ்தர் கேட்டுப் பார்க்க வந்தார். நாற்காலியில் சாய்ந்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கச்சேரி கேட்பவர் போலக் கண்ணை மூடினார்.

"பைய விடுலே... ம்... இப்பக் கூட்டு... போதும், போதும்." கண்ணைத் திறந்து கூட வந்தவரைப் பார்த்தார். "நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுத ஆளை நிப்பாட்டிரலாம்வே. இதுவே சுதி புடிச்சு நிக்குதே!"

அங்கேயே பேசி முடித்துவிட்டார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. அந்தக் கல்யாணத்தில் பெயர் வாங்கினால் அடுத்த கல்யாணம் வரும். மகன் ஊரோடு இருப்பான்.

அப்படி நினைத்திருந்த வண்டிதான் பாலத்தில் வெடித்து அடங்கியது.

நான் தெருவில் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று ஓடினேன். பாலத்தில் ஒரு வைக்கோல் வண்டி குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. என் குடம் கைப்பிடிச் சுவரோரம் உருண்டு கிடந்தது. அடிப்பக்கத்துத் துளையைச் சுற்றி ஈயம் உருகி வழிந்து, பாலத்துப் புழுதியிலும் சொட்டுச் சொட்டாக உறைந்திருந்தது. மோட்டாரைக் காணவில்லை. மகனையும் காணவில்லை.

"ஜெர்மன்காரன் கப்பல் ஆத்துக்குள்ள வந்துட்டுன்னுல்லா நெனச்சேன்!" என்றான் ஒருவன்.

"கப்பல் வாரதுக்கு ஆத்துல தண்ணி எங்கவே கெடக்கு?" என்றான் இன்னொருவன். கூட்டம் சிரித்தது.

"மோட்டார் ஓட்டிட்டு வந்த பையன் எங்கே?" என்று கேட்டேன்.

சரிந்த வைக்கோலின்மேல் காவலுக்கு உட்கார்ந்திருந்த வண்டிக்காரர்தான் பதில் சொன்னார். அவர் சீவலப்பேரிக்காரர்.

"அவனுக்கு ஒண்ணும் ஆவலைம்மா. குடம் விழுந்ததும் மோட்டார் பீரங்கி மாதிரி வெடிச்சுது. மாடுவ மெரண்டு என் வண்டி சாஞ்சிட்டு. அவன் உடனே மோட்டாரை நிப்பாட்டி, வலது காதைத் தேச்சுக்கிட்டே எறங்கி வந்து எங்கூட மாட்டைப் புடிச்சான். இந்தச் சத்தத்தோட போவ முடியாது, கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னு சொல்லி, என் மாட்டையே வாடகைக்குக் கேட்டு மோட்டார்ல பூட்டி ஓட்டிட்டுப் போறான்."

அந்தக் கைப்பிடிச் சுவரிலேயே உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கிறான் என்ற நன்றி ஒரு கணம்தான். அடுத்த கணமே ஆத்திரம் வந்தது. வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு ஆளை விட்டுச் சொல்லியனுப்பியிருக்கலாம். குடத்தைத் தூக்கப் போனேன். சூடு ஆறவில்லை, விரல் கொப்பளித்துவிட்டது. அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

விளக்கேற்றும் நேரத்தில் காரியஸ்தரின் குதிரைவண்டி வாசலில் நின்றது. அவர் இறங்கவில்லை.

"மாப்பிள்ளை மாட்டு மோட்டார்லதாம்மா வந்து எறங்குனாரு. தெரு பூரா சிரிப்பாணி. முதலாளி ஒரு வார்த்தை பேசலை. ரெண்டு வசவு வஞ்சிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்."

"என் மகன்?"

"வண்டிக்குப் போட்ட மாலையக் கழத்தி மாட்டுக் கழுத்துல போட்டான். எறங்குனான். போயிட்டான். மோட்டார் பந்தலை மறிச்சுக்கிட்டு நிக்குது. காலையில வந்து எடுக்கச் சொல்லுங்க."

அன்று அவன் வீட்டுக்கு வரவில்லை. எங்கே போவான் என்று எனக்குத் தெரியும். விடிந்ததும் கொக்கிரகுளத்துக்குப் போனேன். கச்சேரி வாசலில் சேவகன் தடுத்தான்.

"பட்டாளத்துக்குப் பேர் குடுத்தவங்களை டாக்டர் பாக்குதாரு. பொம்பளையாளு உள்ள போவப்பிடாது."

"நான் இங்கிலீஷ் படித்தவள். டாக்டரிடம் பேசிக்கொள்கிறேன்."

"அவரும் படிச்சவருதாம்மா. அதுக்காவ விட முடியுமா?"

உள்ளே சட்டையைக் கழற்றி வரிசையில் நின்றவர்களில் என் மகனின் முதுகு தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். பக்கத்தில் நின்றவன் திரும்பிப் பார்த்தான், இவன் திரும்பவில்லை. என்மேல் அவ்வளவு வெறுப்பா என்று நினைத்தேன். வாசலில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்தது. அதை இறக்கவும் தோன்றவில்லை.

உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு அவன் வந்தான். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான்.

"என்னய்யா, எழுதிக் குடுத்துட்டியா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டேன். தலையைத் திருப்பி, இடது காதை என் பக்கம் கொண்டுவந்தான்.

"வேண்டாம்னு தள்ளிட்டாரும்மா" என்றான். "டாக்டர் பின்னால நின்னுக்கிட்டு, என் வலது காதுகிட்ட கடிகாரத்தைப் புடிச்சிருந்திருக்காரு. 'கடிகாரம் ஓடுத சத்தம் கேக்குதா'ன்னாரு. 'எந்தக் கடிகாரம் சார்'னு கேட்டேன்."